மாடித் தொட்டிக் கறிவேப்பிலையில் புழு: எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பூச்சி வளர்க்கச் சொல்லித் தாங்க

#1 செல்லூர் மாமா, அக்டோபர் 9

அக்கா மகள், எட்டாவது படிக்கிறா. பூச்சி, புழு, பூரான் எதைக் கண்டாலும் அங்கேயே குத்தவச்சு உக்காந்துர்றா. இப்போதைக்கு அவ சொத்து: தீப்பெட்டியில ஒரு பொன்வண்டு, ஊறுகாய் பாட்டில்ல ஒரு கும்பிடுபூச்சி. மாடியில கறிவேப்பிலைத் தொட்டி 2, எலுமிச்சை 1. அவ கேக்குறது பட்டாம்பூச்சி, குழியானை, தேள். டப்பா என்ன, தீனி என்ன, எதைத் தொடக் கூடாது? ஆன்லைன்ல விக்கிற செட்டெல்லாம் வேண்டாம். வீட்ல கெடக்குறத வச்சுச் சொல்லுங்க.

#2 வைகைக் கரையான், அக்டோபர் 9

டப்பாவை அப்புறம் பார்ப்போம், முதலில் இலை. பூச்சி வளர்ப்பதில் முக்கால்வாசி வேலை அது தின்னும் செடியைக் காப்பதுதான். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருக்கிற மாடிக்கு எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் தானாகவே வரும். புரட்டாசி மழையில் கொழுந்து விட்டிருந்தால் இந்நேரம் முட்டை இருக்கும்.

காலையில் இளங்கொழுந்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இலையின் மேலோ அடியிலோ ஒற்றை ஒற்றையாக, 1 மில்லிமீட்டர் அளவில், வெளிர் மஞ்சள் மணி மாதிரி ஒட்டியிருக்கும். கொத்தாக இருந்தால் அது வேறு பூச்சி. முட்டையைச் சுரண்டி எடுக்கவே கூடாது, இலையோடு கிள்ளி எடுங்கள். 3 முதல் 4 நாளில் பொரியும். பொரிவதற்கு முந்தின நாள் முட்டை சாம்பல் பூத்து, உள்ளே புழுவின் தலை கருப்பாகத் தெரியும். வெளியே வந்ததும் முதல் சாப்பாடு முட்டை ஓடுதான், அதைத் துடைத்து எறிந்துவிட வேண்டாம்.

புழுப் பருவம் 5. முதல் நான்கும் கருப்பும் வெள்ளையுமாய்க் காக்கை எச்சம் போலவே இருக்கும். ஐந்தாவதில்தான் பச்சை. நம் ஊர்ச் சூட்டுக்குப் பொரிந்ததிலிருந்து கூட்டுப்புழு வரை இரண்டு, இரண்டரை வாரம். கூட்டுப்புழு 8 முதல் 10 நாள். முட்டையில் தொடங்கினால் மொத்தம் ஏறத்தாழ ஒரு மாதம்.

முதல் வாரத்துக்கு 1 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். அடியில் டிஷ்யூ பேப்பர், வாயில் மல் துணி, மேலே ரப்பர் பேண்ட். மூடியில் ஊசியைச் சுட்டு ஓட்டை போடுவது நம் ஊர் வழக்கம். அதனால் இரண்டு கெடுதல். பொரிந்த புழு சுமார் 3 மில்லிமீட்டர் நீளந்தான், ஓட்டை வழியே போய்விடும். நாலைந்து ஓட்டையில் காற்றும் ஓடாது, சுவரில் வேர்த்து, எச்சத்தில் பூஞ்சை பிடிக்கும். டிஷ்யூவைத் தினம் மாற்றுங்கள்.

புழுவை விரலால் பிடிக்காமல் 0 எண் ஓவியத் தூரிகையில் ஏற்றுங்கள். தலையை உள்ளிழுத்துக்கொண்டு ஒரே இடத்தில் ஒரு நாள் அசையாமல் இருந்தால் தோல் உரிக்கிறது என்று பொருள். அப்போது பிய்த்து எடுத்தால் பழைய தோல் காலைப் பிடித்துக்கொள்ளும், புழு தேறாது.

#3 எருக்கம்பூ, அக்டோபர் 9

கரையான் சாருடன் டப்பா விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. டப்பா முதல் நாலு நாளைக்குத்தான். அதற்குப் பிறகு கிளையிலேயே உறை போடுங்கள். மல் துணியில் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு, தலையணை உறை மாதிரி, ஆனால் இரண்டு பக்கமும் வாய் வைத்துத் தைத்து, கிளைக்கு மாட்டி, இரண்டு வாயையும் நாடாவால் கட்டுங்கள். இலை வாடாது. தினம் பறித்துப் போடும் வேலையும் இல்லை.

உறைக்கு முன் கிளையை நன்றாக உதறுங்கள். சிலந்தி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் நாம் அதற்குச் சோறு கட்டிக் கொடுத்த கதைதான். கொசுவலைத் துணி வேண்டாம். சின்னக் குளவி அதன் கண்ணில் தாராளமாக நுழையும். சில கொசுவலைகள் மருந்து தோய்த்தே விற்கப்படுகின்றன. புது மல் துணியையும் கஞ்சி போக இரண்டு தடவை அலசிக்கொள்ளுங்கள்.

எறும்புக்கு, தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். பண்டத்துக்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைப்போமே, அதே முறை. எறும்புச் சாக்பீஸ் கோடு மட்டும் போடவே போடாதீர்கள். அது எறும்பைக் கொல்லும் மருந்துதான், புழுவையும் கொல்லும். கொசுவத்திச் சுருளும், பிளக்கில் மாட்டும் கொசு மருந்தும் இருக்கிற அறையில் டப்பா இருக்கக் கூடாது.

இலை தீர்ந்துபோனால் சந்தையில் கறிவேப்பிலை வாங்கிப் போடும் எண்ணம் வரும். வேண்டாம். மருந்தடித்த இலையில் விஷம் உள்ளேயே ஊறியிருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் புழு ராத்திரியோடு ராத்திரியாகச் சுருண்டுவிடும். வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று அடித்த செடியும் ஆகாது. அது தோல் உரிப்பதையே கெடுக்கும்.

#4 சல்லடை, அக்டோபர் 10

பொன்வண்டை விட்டுரச் சொல்லுங்க. வளர்ந்த வண்டு சில வாரந்தான் இருக்கும். கொடுக்காப்புளி, வேலம் இலை கொடுத்தா தின்னும், தீப்பெட்டியிலேயே முட்டையும் போடும். ஆனா அந்த முட்டையை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. புழு மண்ணுக்குள்ள செடி வேரைத் தின்னு வளர்றது, தொட்டியில எடுபடாது.

குழியானைதான் ஆரம்பத்துக்குச் சரியான உருப்படி. செலவே கிடையாது.

எங்க கிடைக்கும்: மழை படாத காஞ்ச புழுதி. தாழ்வாரத்து ஓரம், மண்டபத் தூணடி, பாலத்துக்குக் கீழ. கூம்பு மாதிரி குழி இருக்கும். குழியைத் தோண்டாதீங்க. அகப்பையால கீழருந்து மொத்தமா அள்ளி மாவுச் சல்லடையில சலிங்க. செத்த மாதிரி கெடக்கும். ஒரு நிமிஷம் காத்திருங்க, பின்பக்கமா நகரும்.

வீடு: ஒரு ஆளுக்கு ஒரு கிண்ணம். 10 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சலிச்ச மண். ரெண்டை ஒண்ணாப் போட்டா ஒண்ணுதான் மிஞ்சும். கட்டட மணல் அப்படியே ஆகாது, பெரிய கல் இருந்தா குழியே போடாது. வெயில்ல காய வச்சுச் சலிச்சாத்தான் சரி வரும். தண்ணி தெளிக்கவே கூடாது. ஈர மண்ணுல சரிவு நிக்காது, எறும்பு ஏறித் தப்பிச்சிரும்.

தீனி: ரெண்டு மூணு நாளைக்கு ஒரு சின்ன எறும்பு. சின்னக் குழியானைக்குக் கட்டெறும்பு போட்டா எறும்புதான் செயிக்கும். ஒரு வாரம் மறந்துட்டாலும் சாகாது, பட்டினி தாங்குற சென்மம்.

பாப்பா கண்டிப்பா ஒண்ணு கேக்கும்: "எச்சமே காணோமே?" வராது. புழுவா இருக்குற வரைக்கும் வெளிய போக வழியே இல்லை. அவ்வளவும் உள்ளயே சேர்ந்து, றெக்கை முளைச்சு வந்தப்புறந்தான் ஒரே தடவையா வெளிய வரும்.

#5 செல்லூர் மாமா, அக்டோபர் 11

பொன்வண்டை ரயில்வே லைன் ஓரத்துக் கொடுக்காப்புளியில விட்டாச்சு. அழுகைதான், ஆனா விட்டா. முட்டை 7 கெடச்சிருக்கு, எல்லாம் கறிவேப்பிலையில. ஒண்ணு மட்டும் நேத்துலருந்தே கருப்பா இருக்கு. பொரியப் போகுதா?

#6 வைகைக் கரையான், அக்டோபர் 11

பொரியப் போகிற முட்டை ஒரே நாளில் ஆளை வெளியே விட்டுவிடும். இரண்டு மூன்று நாளாக மை பூசினாற்போலக் கருப்பாகவே இருந்தால் உள்ளே இருப்பது ட்ரைக்கோகிராமா என்ற குளவி. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். பட்டாம்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். கரும்பில் தண்டுத்துளைப்பானைக் கட்டுப்படுத்த அட்டையில் ஒட்டி விவசாயிகளுக்குக் கொடுப்பது இதே இனத்துக் குளவிதான். அந்த ஒரு முட்டையை மட்டும் தனியாக மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் வைத்து லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். 10 மடங்கு கைலென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பூச்சிக்காகக் காசு செலவழிக்க வேண்டிய பொருள் அது ஒன்றுதான்.

#7 ஒத்தக்கடை டார்ச், அக்டோபர் 12

தேளைப் பத்தி யாரும் பேசலையே. கருந்தேள் வளர்க்கிறது இது எல்லாத்தையும் விட லேசு. அகலமான டப்பா, ஈர மண், ஒளிய ஓட்டாஞ்சில்லு, வாரம் ஒரு கரப்பான். கொட்டினாலும் குளவி கொட்டின மாதிரிதான். பிள்ளை ஆசையாக் கேக்குது, வச்சுக் கொடுங்க.

#8 வைகைக் கரையான், அக்டோபர் 12

டார்ச் தம்பி, நீங்கள் சொல்வது வளர்ந்த கருந்தேளுக்குச் சரி. கல்லைப் புரட்டினால் கிடைப்பது எல்லாம் கருந்தேளா? மதுரை சுற்றுவட்டாரத்து மேட்டு நிலத்தில் செந்தேளும் உண்டு. சின்னது, செம்பழுப்பு. அதன் விஷம் இதயத்தைத் தாக்கும், குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். முன்பக்க இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் விஷம் கடுமை, இடுக்கி பெருத்து வால் மெலிந்திருந்தால் குறைவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. குட்டித் தேளில் அந்தக் கணக்கு பார்த்துத் தீர்மானிப்பது 13 வயதுப் பிள்ளையின் வேலையில்லை.

கொட்டிய பிறகு வேர்த்துக் கொட்டுவது, வாந்தி, கை கால் சில்லிடுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்காமல் நேராக அரசு மருத்துவமனை. மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் மருத்துவர் பவாஸ்கர் 1980-களில் பிரசோசின் மாத்திரையைப் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் செந்தேள் கொட்டில் சாவு வெகுவாகக் குறைந்தது. சீக்கிரம் கொடுத்தால்தான் அந்த மாத்திரைக்குப் பலன்.

#9 எருக்கம்பூ, அக்டோபர் 12

தேளை வளர்க்காமலே பார்க்கலாமே. புற ஊதா டார்ச், 395 நானோமீட்டர் என்று போட்டது, கள்ள நோட்டுப் பார்க்க விற்பார்கள். நிலா இல்லாத ராத்திரியில் பெரியவர் ஒருவர் கூட வர, ஷூ போட்டுக்கொண்டு, கொல்லைக் கல்லடுக்கில் அடித்தால் தேள் பச்சை நீலமாக ஒளிரும். அப்போதுதான் தோல் உரித்த தேள் மட்டும் ஒளிராது. ஒளிராததால் தேள் இல்லை என்று கை வைக்கக் கூடாது. டார்ச்சைக் கண்ணுக்கு நேரே காட்டவும் கூடாது.

பகலில் கல்லைப் புரட்டுவதற்கும் முறை இருக்கிறது. எதிர் விளிம்பைக் குச்சியால் நெம்பித் தன் பக்கமாகத் தூக்க வேண்டும். அப்போது கல்லே நமக்குக் கேடயம், உள்ளே இருக்கிற பூரானோ தேளோ எதிர்ப்பக்கமாக ஓடும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வைக்கணும். புரட்டிப் போட்டுவிட்டு வந்தால் கீழே குடியிருந்த அத்தனையும் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

#10 ஒத்தக்கடை டார்ச், அக்டோபர் 12

சரி, ஒத்துக்கறேன். பார்க்க மட்டும்.

#11 செல்லூர் மாமா, அக்டோபர் 15

6 பொரிஞ்சிருச்சு. கருப்பு முட்டையிலருந்து தூசி மாதிரி என்னமோ ரெண்டு மூணு வந்து குப்பியில நடக்குது. அதை விட்டு நகர மாட்டேங்கிறா. இன்னொரு சேதி, ஊறுகாய் பாட்டில் கும்பிடுபூச்சி தோல் உரிக்கும்போது கால் கோணி விழுந்துருச்சு. என்ன தப்பு?

#12 சல்லடை, அக்டோபர் 15

பாட்டில் தப்பு. கும்பிடுபூச்சி தலைகீழாத் தொங்கித்தான் தோல் உரிக்கும். உடம்பு நீளத்துக்கு மூணு மடங்கு உயரம் கீழ காலியா வேணும், மேல பிடிக்கச் சொரசொரப்பா துணியோ குச்சியோ வேணும். கண்ணாடியில கால் வழுக்கும், பாதி உரிக்கும்போது விழுந்தா காலு அப்படியே கோணலாக் காஞ்சிரும். இன்னும் இளசா இருந்தா அடுத்த உரிப்புல ஓரளவு நேராகும். றெக்கை வந்துட்டா அவ்வளவுதான்.

உரிக்கிறதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்ன சாப்பாட்டைத் தொடாது. அப்ப உள்ள விட்ட வெட்டுக்கிளி, பாச்சை எல்லாத்தையும் எடுத்துருங்க. உரிச்சுத் தொங்குற ஆளு மெதுவா இருக்கும், தீனியே அதைக் கடிச்சுத் தின்னுரும். காலையில ஒரு தடவை சுவர்ல லேசா தண்ணி தெளிச்சா குடிச்சுக்கும்.

ஆணா பொண்ணா: வயித்தடியில கண்டம், அதாவது குறுக்குப் பட்டையா பிரிஞ்சிருக்குற துண்டு, எண்ணுங்க. 6 தெரிஞ்சா பொண்ணு, 8 தெரிஞ்சா ஆண்.

குச்சியில நுரை காஞ்ச மாதிரி முட்டைக்கூடு கெடச்சா எடுத்துட்டு வந்துராதீங்க. ஒரே காலையில நூறு குஞ்சு வரைக்கும் தொங்கும். அதுகளுக்குப் பழ ஈ வேணும். வாழைப்பழத்துல ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு பாட்டில்ல வச்சா பத்து நாள்ல ஈ வரும். ஆனா சித்திரை வைகாசியில முயற்சி பண்ணாதீங்க. 30 டிகிரிக்கு மேல போனா ஆண் ஈ மலடாயிரும், முட்டை பொரியாது. தண்ணிப் பானையை ஒட்டி நிழல்ல வச்சா கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

#13 செல்லூர் மாமா, அக்டோபர் 19

ஒரு புழு தண்ணி பாட்டில்ல விழுந்து செத்துப்போச்சு. இணுக்கு வாடக் கூடாதுன்னு பாட்டில்ல தண்ணி ஊத்திச் செருகி வச்சிருந்தோம். மிச்சம் 5.

#14 எருக்கம்பூ, அக்டோபர் 19

பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக்கி அடைக்கணும். புழு காம்பைப் பிடித்தே கீழே இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போகும், அதற்குத் திரும்பத் தெரியாது. இதற்குத்தான் உறை போடச் சொன்னேன்.

#15 செல்லூர் மாமா, அக்டோபர் 20

உறை தச்சுப் போட்டாச்சுக்கா. அவ அம்மா தையல் மெஷின்ல பத்து நிமிஷ வேலை. பெரியவங்க ரெண்டு பேருக்கு இன்னொரு கேள்வி: தமிழ்நாட்டு மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவனாமே, அதை இங்க வரவழைக்க என்ன செடி வைக்கணும்?

#16 வைகைக் கரையான், அக்டோபர் 20

2019-இல் அறிவித்தார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பூச்சி, செல்லூர் மாடிக்கு வராது. மாடிக்கு வருவதைக் கேளுங்கள். எருக்குக்கு வெந்தய வரியன் வரும். ஆடுதீண்டாப்பாளை வைத்தால் சிவப்புடல் அழகி வரும். ஆமணக்கு ஒன்று வைத்தால் அதற்கென்று தனிக் கூட்டமே உண்டு.

எருக்கில் எச்சரிக்கை. பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும், உடனே வலிக்காததால் பலர் அசட்டையாக விட்டுவிடுவார்கள். நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். இலை பறித்த கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தில் வைக்கக் கூடாது. அந்தப் பாலைப் புழு எப்படிச் சமாளிக்கிறது என்பது பார்க்க வேண்டிய காட்சி. நடுநரம்பைக் கடித்துப் பாலை வடிய விட்டுவிட்டு அதற்கு அப்பால் உள்ள இலையைத் தின்னும். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பார்க்கலாம்.

எருக்கில் மஞ்சளும் நீலமுமாய் இருக்கும் வெட்டுக்கிளியைப் பிடித்தால் கசப்பு நீரைப் பீய்ச்சும். அதையும் முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம்.

#17 ஒத்தக்கடை டார்ச், அக்டோபர் 22

அந்திப்பூச்சி பார்க்க வழி: வெள்ளை வேட்டி ஒண்ணைக் கொடியில கட்டுங்க, கீழ் விளிம்பு தரையில ஒரு முழம் படுத்திருக்கணும். முன்னாடி அரை மீட்டர் தள்ளி விளக்கு. மஞ்சள் எல்.இ.டி.க்குக் கூட்டம் வராது. புற ஊதா பல்பு, இல்லன்னா பழைய வெள்ளை சி.எஃப்.எல். அமாவாசையை ஒட்டி, மழை விட்டு வேர்க்கிற ராத்திரி, ஏழு மணிலருந்து பத்து வரை. முழுநிலா அன்னைக்கு வேட்டி வேட்டியாவே இருக்கும்.

ஒண்ணு கவனம். எறும்பு மாதிரி நீளமா, கருப்பும் ஆரஞ்சுமா பட்டை போட்ட 1 சென்டிமீட்டருக்குள்ள ஒரு வண்டு வரும், பீடெரஸ். கடிக்காது, கொட்டாது. கழுத்துல உக்காந்ததை நசுக்கினாத்தான் வம்பு. அடுத்த நாள் தீக்கோடு போட்ட மாதிரி கொப்புளம். ஊதி விடுங்க, நசுங்கிட்டா உடனே சோப்பு. செம்பருத்திப் பூவுல கருப்பு சிவப்புப் பட்டையோட உக்காந்து தின்னுற கொப்புளவண்டும் அதே ஜாதிக் குணந்தான், கையில ஓட விட வேண்டாம்.

#18 செல்லூர் மாமா, அக்டோபர் 28

அவசரம். 5-ல ரெண்டு பச்சைப் புழு சாப்பிடாம அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது. எச்சம் கெட்டியா வராம தண்ணியாக் கழியுது. உடம்பும் சுருங்குது. நோயா? அவ அழுது தீக்குறா.

#19 வைகைக் கரையான், அக்டோபர் 28

அழ வேண்டாம், கூட்டுப்புழு ஆகப் போகிறது. குடலைக் காலி பண்ணிக்கொண்டு இடம் தேடுகிறது. ராத்திரிக்குள் ஒரு குச்சியில் அமர்ந்து, பின்முனையைப் பட்டில் பதித்து, இடுப்புக்கு ஒரு நூல் கட்டிச் சாய்ந்து நிற்கும். அதிலிருந்து ஏறத்தாழ ஒரு நாளில் தோல் உரிந்து கூடு தெரியும். அந்த ஒரு நாள் தொடக் கூடாது. பச்சைத் தண்டில் அமர்ந்தால் பச்சைக் கூடு, காய்ந்த குச்சியில் பழுப்புக் கூடு வர வாய்ப்பு அதிகம். இரண்டு விதக் குச்சியும் வைத்துப் பார்க்கட்டும்.

நோய் என்றால் வேறு மாதிரி இருக்கும். உடல் கருத்து, தொளதொளத்து, பின்காலில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கரைந்து நாற்றமடிக்கும். அது வைரஸ். அந்தப் புழுவை இலையோடு எடுத்துப் புதைத்துவிட்டு, டப்பாவைத் துணி வெளுக்கும் பிளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி வெயிலில் காய வையுங்கள். ஒரே டப்பாவில் பத்துப் பன்னிரண்டை நெருக்கினால் வருவது அது.

#20 செல்லூர் மாமா, அக்டோபர் 31

4 கூடு உறைக்குள்ள. அஞ்சாவது ஆளு, நாடாவை இறுக்கிக் கட்டாததால நேத்து வெளிய போயி தொட்டிச் சுவர்ல கூடு கட்டிருச்சு. அதைப் பிரிச்சு உள்ள வைக்கவா?

#21 எருக்கம்பூ, அக்டோபர் 31

ஒரு நாள் ஆகாத கூடு தோசை மாவு மாதிரி. விடுங்கள். இரண்டு மூன்று நாள் கெட்டியான பிறகு அதன் மேல் ஒரு மல் துணித் துண்டை டேப் போட்டு ஒட்டுங்கள். ஆனால் ஆபத்து இந்த முதல் நாளில்தான், புதுக் கூட்டைத் தேடிக் குளவி வரும்.

#22 செல்லூர் மாமா, நவம்பர் 8

காலையில 6 மணிக்கே 3 வந்துருச்சு, நாலாவது எட்டரைக்கு. ஒண்ணு கறிவேப்பிலை அழகி, மத்தது எலுமிச்சை அழகி. ஒண்ணு கீழ விழுந்து றெக்கை சுருங்கிக் கெடக்கு.

#23 சல்லடை, நவம்பர் 8

விழுந்ததை உடனே சொரசொரப்பான குச்சியில ஏத்தித் தொங்க விடுங்க. வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா றெக்கை இன்னும் விரியும், காஞ்சிட்டா விரியாது. மத்தது 3, 4 மணி நேரம் காயட்டும். கலங்கலா நீர் விடும், ரத்தம் இல்லை. மழை பெஞ்சா இன்னைக்கு விட வேண்டாம், நாளைக் காலையில விடுங்க. முதல் நாள் தீனி தேவையில்லை.

விரியாமப் போனதுக்கு, தேன் ஒரு பங்கு தண்ணி பத்துப் பங்கு பஞ்சுல நனைச்சு வைங்க. செத்தப்புறம் எறிய வேண்டாம், பதப்படுத்திக் கத்துக்கட்டும். காஞ்ச பூச்சியா இருந்தா மூடின டப்பாவுல ஈரப் பஞ்சு, ஒரு சொட்டு டெட்டால், ஒரு நாள் ரெண்டு நாள் வச்சா இளகும். பட்டாம்பூச்சிக்கு நெஞ்சு நடுவுல ஊசி, வண்டுக்கு வலப்பக்க மேல்சிறகுல. தையல் குண்டூசி துருப்பிடிக்கும். சீட்டுல இடம், தேதி, செடி எழுதாத பூச்சி வெறும் பொம்மை.

#24 எருக்கம்பூ, நவம்பர் 8

தானாகச் செத்ததை மட்டும் குத்தட்டும், பிடித்துக் கொல்ல வேண்டாம். டியூப்லைட் மூடிக்குள்ளும் சன்னல் கட்டையிலும் வாரம் பத்து கிடைக்கும். அழகர்மலைக் காப்புக்காட்டிலிருந்தோ 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியிலிருந்தோ ஒரு இறகுகூட எடுத்து வரக் கூடாது. அங்கே கேமரா போதும்.

#25 செல்லூர் மாமா, நவம்பர் 13

மூணு பறந்து போச்சு. வெளிய இருந்த அஞ்சாவது கூடு மட்டும் 14 நாளாகியும் வரலை. பழுப்பாகிருச்சு, தொட்டா அசைய மாட்டேங்குது. வெயிலுக்கு நேரா பாத்தா உள்ள என்னமோ புள்ளி புள்ளியா இருக்கு.

#26 வைகைக் கரையான், நவம்பர் 13

மேலே ஒட்டிய துணியை எடுக்காமல், கூட்டை டேப்போடு சேர்த்துச் சுவரிலிருந்து பெயர்த்து, மல் துணி மூடிய கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். பக்கவாட்டில் ஒரே பெரிய ஓட்டை விழுந்தால் தொடை பருத்த பிராகிமேரியா, ஒற்றைக் குளவி. ஊசிமுனை ஓட்டை ஒன்றிரண்டு விழுந்து அதன் வழியே வரிசையாக வந்தால் ப்டீரோமாலஸ் என்ற சின்னக் குளவி. கூடு கட்டிய அன்றே, தோல் இளசாக இருக்கையில் தாய் வந்து முட்டையிட்டிருக்கும்.

#27 செல்லூர் மாமா, நவம்பர் 14

ஊசிமுனை ஓட்டைதான், ரெண்டு. பச்சைப் பளபளப்பா கொசுவை விடச் சின்னதா வருது. காலையிலருந்து லென்ஸை வச்சு எண்ணிக்கிட்டே இருக்கா, 63-ல நிக்குது, இன்னும் வருது. பட்டாம்பூச்சி போச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நோட்டுல தனிப் பக்கம் போட்டுட்டா. கேக்கச் சொன்னது ரெண்டு: இதுகளுக்குச் சாப்பாடு என்ன? ஆண் எது பொண்ணு எது?

#28 வைகைக் கரையான், நவம்பர் 14

துணி மேல் தேன் மெல்லிய கோடாக ஒரு இழுப்பு. சொட்டாக வைத்தால் கால் ஒட்டிச் சாகும். பெண்ணுக்கு வயிறு பெரிது, முனை கூர்மை, ஆண் கொஞ்சம் சின்னது. பெரும்பாலும் பெண்தான் கூடுதலாக இருக்கும், பிரித்து எண்ணட்டும். குப்பியைக் கறிவேப்பிலைத் தொட்டிப் பக்கம் மட்டும் திறக்க வேண்டாம். உறைக்குள் இன்னும் புழு இருக்கிறதா?

#29 செல்லூர் மாமா, நவம்பர் 14

புழு இல்லை. ஆனா இன்னைக்குக் காலையில புது முட்டை 4.